குழியை மூடிய வருடம்

எங்கள் வீட்டில் தண்ணீர் கீழேயிருந்து வரும். பாலக்காட்டு உறவினர்களிடம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை. "கூரை ஒழுகறதாக்கும்" என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கூரை நல்ல கூரை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்காக மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே விழாது. ஆகாயத்தில் மேகமே இல்லாத கார்த்திகை மாதத்துக் காலையில்தான் வீட்டின் அடிவயிற்றில் தண்ணீர் ஊறும்.

அது பழைய சுக்குக் கிடங்கு. கேரளம் என்று ஒரு மாநிலம் உண்டாவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு, என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, அதில் குடியேறினோம். மேலே இரண்டு அறையும் சமையல் கட்டும். சமையல் கட்டின் பின்னாலிருந்து ஆறு படி இறங்கினால் ஒரு நிலவறை. அதன் பாதி உயரம் தெருவுக்குக் கீழே இருந்தது. தெருப்பக்கச் சுவரில், உள்ளே நின்றால் தலைக்கு மேலேயும் வெளியே நின்றால் கணுக்கால் உயரத்திலும், கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதன் வழியாக நடப்பவர்களின் பாதங்கள் மட்டும் தெரியும். சுக்கு மூட்டைகள் போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தும் சுவரில் மூக்கை வைத்தால் சுக்கு மணக்கும். அங்கிருந்து காயலும் படகுத்துறையும் நூறடிதான்.

நிலவறையின் மூலையில் ஒரு குழி இருந்தது. முழங்கை ஆழம், ஒரு அண்டாவை இறக்கி வைக்கலாம் என்கிற அகலம். பக்கச் சுவர் வெட்டுகல். அடியில் வெறும் மணல். நாங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோதே அடுத்த வீட்டுச் சேச்சி வந்துவிட்டார். கணவர் இல்லாதவர், எங்கள் வீட்டைப் போலவே ஒரு வீட்டில் தனியாக இருந்தார். தமிழர்களோடு பழகிப் பழகி, மலையாளத்தில் பாதித் தமிழ் கலந்து பேசுவார். என் டிரங்குப் பெட்டியை நான் குழியின் மேல் பலகை போட்டு வைத்திருப்பதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"சாமீ, இந்தக் குழி மேலெ பெட்டி ஒண்ணும் வெக்கண்டாம் கேட்டோ. விருந்துக்காரன் வரும்போ இருக்க ஒரு எடம் வேணும்."

விருந்துக்காரன் என்று அவர் சொன்னது தண்ணீரை. மண்ணுக்குள் எப்போதும் ஒரு முழம் கீழே நிற்கும் தண்ணீர், ஏறும்போது முதலில் குழிக்குள் வரும். அதை, பாக்குமர மட்டையை மடித்துத் தைத்த பாளையால் மொண்டு, கானை என்று இங்கே சொல்லும் தெருச் சாக்கடையில் கொட்டிவிட்டால் அன்றைக்குத் தரை காயும். மொள்ளாவிட்டால் குழி நிரம்பித் தரை முழுவதும் ஒரு விரல், இரண்டு விரல் நிற்கும். தெருவில் இருந்த பழைய வீடுகள் எல்லாவற்றிலும் இதே குழி, இதே பாளை. காலையில் பல் தேய்ப்பதைப் போல அதை மொண்டு கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் சேச்சியின் குரல் வரும். என் மனைவியை அவர் அம்யார் என்றுதான் அழைப்பார், தமிழ்ப் பிராமணப் பெண்களுக்கு இங்கே அந்தப் பெயர்:

"விருந்துக்காரன் வந்நோ, அம்யாரே?"

"வந்தாச்சு சேச்சி. இருபது பாளை," என்பாள் என் மனைவி.

"எனிக்கு இருபத்தஞ்சு. அவனுக்கு என்னைத்தான் கூடுதல் இஷ்டம்."

எனக்கு இது வேடிக்கையாகவே படவில்லை. நான் பயந்த சுபாவம். வறண்ட மண்ணில் வளர்ந்தவன், கிணற்றில் ஐம்பதடி கயிறு விட்டால்தான் தண்ணீர் என்று இருந்தவன். காலுக்கு அடியில் ஒரு முழத்தில் தண்ணீர் நிற்கிறது என்ற நினைப்போடு தூங்குவது எனக்கு எளிதாக வரவில்லை. என் மனைவியோ ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். மகளுக்குப் பழகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்கு உலகத்து வீடுகள் எல்லாமே அடியில் தண்ணீர் வைத்துக் கட்டப்பட்டவைதான்.

ஒன்பது வயதில் அவள் குழிக்கு மீன் கொண்டுவந்தாள். மானத்துக்கண்ணி என்ற சிறிய மீன். நெற்றியில் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி மின்னும். கொசுவின் புழுவைத் தின்னும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம். ஏழு மீன்கள். பாளையில் மொள்ளும்போது மீன் வந்துவிட்டால் திரும்ப விடவேண்டும் என்று வீட்டில் உத்தரவு. அலுவலகத்துக்கு நேரமான காலைகளில் எத்தனையோ தடவை நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாளைக்குள் மீனைத் தேடிக்கொண்டு குந்தியிருந்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் சுவரில் கோடு போட ஆரம்பித்தாள். தண்ணீர் எதுவரை ஏறியதோ அதுவரை சாக்பீஸால் ஒரு கோடு, பக்கத்தில் நாளும் மணியும். எழுதுவது மலையாளத்தில். தமிழ் எழுத்தை நான் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு 'ற' வும் 'ன' வும் ஒழுங்காக வந்ததில்லை. "சுவரெல்லாம் கிறுக்காதே" என்று நான் ஒன்றிரண்டு முறை சொன்னதாக நினைவு. அந்தக் கோடுகள் என்ன சொல்கின்றன என்று நின்று பார்த்ததாக நினைவில்லை.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் எழுத்தர். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் வள்ளங்கள் காயல் ஏறியிருக்கும்போது கிளம்பவேண்டும். இங்கே அந்த ஏற்றத்துக்கு வேலியேற்றம் என்று பெயர். மறுநாள் எத்தனை மணிக்கு ஏற்றம், எத்தனை மணிக்கு இறக்கம் என்று அச்சடித்த அட்டவணையைப் பார்த்து, அலுவலக வாசலில் தொங்கும் கரும்பலகையில் முந்தின நாள் சாயங்காலமே எழுதி வைப்பது என் வேலைகளில் ஒன்று. குழியை மூடிய வருடம் வரைக்கும் பதினோரு வருடம் எழுதியிருந்தேன். வள்ளக்காரர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் மறுநாளைத் திட்டமிட்டார்கள். அந்த மணியை என் கையால் எழுதி, சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு, நூறடி நடந்து வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஏன் இத்தனை ஜலம்?" என்று ஆச்சரியப்பட்டவன் நான்.

மகளுக்குப் பதினான்கு முடியும்போது இழுப்பு வந்தது. மழைக்காலத்தில் தொடங்கி, மழை நின்ற பிறகும் விடவில்லை. படுத்தால் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதைப் போலச் சத்தம் வரும். உட்கார்ந்தபடியே தூங்குவாள். அவளுடைய கட்டில் இருந்த அறை சரியாக நிலவறைக்கு மேலே. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். தரைப் பலகையைத் தொட்டுப் பார்த்தார். நிலவறைக்கு இறங்கி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஏறி வந்தார்.

"வீட்டில் இந்த ஈரம் போகவேண்டும். இல்லையென்றால் பெண்ணை ஈரமில்லாத ஊருக்கு அனுப்புங்கள்" என்றார்.

ஈரமில்லாத ஊர் என்றால் பாலக்காடு. அங்கே என் தங்கை இருந்தாள். "உடனே அனுப்பு, இங்கேயே பத்தாம் கிளாஸ் படிக்கட்டும்" என்று பதில் எழுதிவிட்டாள். நல்ல மனது. ஆனால் எங்களுக்கு ஒரே குழந்தை. அவள் இல்லாத வீட்டில் நானும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன்.

"நான் போகமாட்டேன்," என்றாள் மகள். "நான் போனா மீனுக்கு யாரு இருக்கா?"

"மீனுக்கு நான் இருக்கேன்."

"அப்பாவுக்கு?"

ஈரத்தைப் போக்கிவிடவேண்டும், இவளை அனுப்பக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதன்பின் நான் செய்ததெல்லாம் இந்த ஒரு எண்ணத்தில் செய்ததுதான். அது என் குற்றத்தைக் குறைக்காது என்று தெரியும்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது? குழி வழியாக. அப்படியானால் குழியை மூடிவிட்டால் வராது. ஐம்பதடிக் கிணற்றுக்காரன் புத்திக்கு இது மிகவும் தெளிவாக இருந்தது. பள்ளுருத்தியிலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்துவந்தேன். குழியைக் கல்லும் ஜல்லியும் போட்டு நிரப்பி, நிலவறைத் தரை முழுவதும் இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் போடவேண்டும் என்றேன். அவர் படியிலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"சாமி பறஞ்ஞா செய்யாம். பட்சே, வெள்ளம் எங்கோட்டு போகும்?"

"வெளியே போகட்டும். உள்ளே வரண்டாம். அவ்வளவுதான்."

"அது வெளியிலல்லல்லோ சாமீ. அடியிலல்லே?"

தண்ணீர் வெளியில் இல்லை, அடியில் இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் அதைக் கேட்டேன், விளங்கிக்கொள்ளவில்லை. மதிலுக்கு மேலாகச் சேச்சியும் எட்டிப் பார்த்தார். "வந்நவனைக் கதவடைச்சு நிர்த்தினா அவன் சும்மா போகுமோ சாமீ?" என்றார். வழக்கமான கேலி என்று சிரித்து வைத்தேன். மகள் மீன்களை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றினாள். ஏழில் நான்குதான் அகப்பட்டன. மற்ற மூன்றுக்காக இருட்டும் வரை கொத்தனாரைக் காத்திருக்கச் சொன்னாள். அவரும் இருந்தார்.

முதல் மூன்று வாரம் நான் ராஜா மாதிரி இருந்தேன். நிலவறை காய்ந்து கிடந்தது. வெறுங்காலோடு இறங்கி நடந்து பார்ப்பேன். வருகிறவர்களை அழைத்துக் காட்டுவேன். இழுப்பும் கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றியது. தங்கைக்கு, "இனி அனுப்பத் தேவையில்லை" என்று எழுதினேன். மேலே தெருச் சத்தத்தில், கைவண்டிகளின் கடகடப்பில், மகளுக்குப் பாடம் ஓடுவதில்லை என்று அவளுடைய மேசையை நானே படியில் இறக்கி ஜன்னலுக்குக் கீழே போட்டேன். நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள் என் மனைவி. மீன் பாட்டில் மேசைமேல். அடுக்களைச் சத்தம் வராமல் இருக்க அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. யாரும் அதுவரை அதை யோசித்ததில்லை.

ஒரு நாள் சொன்னாள். "அப்பா, தரையைத் தட்டிப் பாருங்கோ. மத்தளம் மாதிரி கேக்கறது."

குதிகாலால் தட்டினேன். குழி இருந்த மூலையில் கட்டென்று கேட்டது. நடுவில் தொம்மென்று கேட்டது.

"புது சிமெண்ட் அப்படித்தானாக்கும். காய்ஞ்சா சரியாயிடும்."

"காலம்பற இப்படிக் கேக்கறது. சாயங்காலம் கேக்கலை."

"நீ பாடத்தைப் பாரு."

இந்த மூன்று வார்த்தையை நான் திரும்பப் பெறமுடியாது.

கார்த்திகை மாதம் இங்கே விருச்சிகம். வருடத்திலேயே காயல் அதிகமாக ஏறும் மாதம் அதுதான். மழை விட்டு வானம் துடைத்தாற்போல இருக்கும். ஆனால் வாவு என்னும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் துறையின் கற்படிகள் மூழ்கும். அன்றும் வானம் அப்படித்தான் இருந்தது. நான் எட்டரை மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். போகும்போது மகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு முந்தின விடுமுறை ஏதோ. வாசல் பலகையில் என் கையெழுத்தில் "ஏற்றம் 7-15" என்று இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஒன்பது மணி அடிக்கச் சில நிமிடம் இருந்தபோது வாசலில் சேச்சியின் குரல். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். முண்டு முழங்கால் வரை நனைந்திருந்தது.

"சாமீ, ஓடி வா. நெலவறை பொட்டி. கொச்சு உள்ளிலா."

தரை வெடித்துவிட்டது, பிள்ளை உள்ளே இருக்கிறாள். அந்த நூறடி ஓட்டம் எனக்கு நினைவில் இல்லை. பேனாவைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. சட்டையெல்லாம் மை.

நடந்தது இதுதான். மேலே வர வழியில்லாத தண்ணீர் சிமெண்டுக்கு அடியில் சேர்ந்து சேர்ந்து அதை நெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைய ஏற்றத்தில், குழி மூலையிலிருந்து கதவு வரை தரை குறுக்கே பிளந்து, கதவுப் பக்கத்துத் துண்டு ஒரு சாண் தூக்கி நின்றுவிட்டது. பிளவிலிருந்து தண்ணீர் பீறிட்டது. தூக்கி நின்ற சிமெண்ட் துண்டு, உள்பக்கம் திறக்கவேண்டிய கதவுக்கு ஆப்பு வைத்ததைப் போல ஆகிவிட்டது. படியில் நின்று என் மனைவி கதவை இடித்துக்கொண்டிருந்தாள். சேச்சி வந்து தோள் கொடுத்தும் அது ஒரு விரல் கூட நகரவில்லை. நானும் இடித்தேன். பிறகு தெருவுக்கு ஓடி ஜன்னலின் முன்னால் குப்புறப் படுத்தேன்.

"செருப்பைப் பாத்தேன். அப்பாதான்னு மனசிலாச்சு," என்றாள் உள்ளேயிருந்து.

மேசைமேல் ஏறி நின்றிருந்தாள். கையில் மீன் பாட்டில். மேசைக்கால்கள் தண்ணீருக்குள் இருந்தன. நாற்காலி மிதந்துகொண்டிருந்தது. கம்பிக்குள் கையை விட்டேன். அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"காலுக்கு அடி பட்டுதா?"

"இல்லை."

"இழுக்கறதா?"

"கொஞ்சம். பேசினா இழுக்கறது. அப்பா பேசுங்கோ, நான் கேக்கறேன்."

பின்னால் கைவண்டி ஒன்று வந்து நின்றது. மூட்டையோடு வந்த வண்டிக்காரர், "எந்தா சாமீ, ரோட்டில் கெடந்து நமஸ்காரமோ? எணீக்கு, வண்டி போகட்டெ" என்றார். நான் திரும்பவில்லை. அவர் குனிந்து, என் தலைக்குப் பக்கத்தில் தலையை வைத்து உள்ளே பார்த்தார். பிறகு வண்டியை நடுத்தெருவில் அப்படியே விட்டுவிட்டு, எதிர்க் கிடங்கைப் பார்த்துக் கத்தினார். சுமை தூக்கும் நாலு பேர் கடப்பாரையோடு என் வீட்டுக்குள் ஓடினார்கள்.

"தண்ணி ஏறிண்டே இருக்கே," என்றேன். அவள் பேசச் சொன்ன பிறகு எனக்கு வந்த முதல் பேச்சு அதுதான்.

"அப்பா, இன்னிக்கு போட்ஜெட்டியிலே எத்தனை மணிக்கு ஏத்தம்?"

"என்ன?"

"ஆபீஸ்லே போர்டுலே எழுதுவேளே. அது."

"ஏழேகால்."

"அப்போ இங்கே ஒம்பதேகால் வரைக்கும் ஏறும். அப்புறம் ஏறாது. எப்பவும் ரெண்டு மணி கழிச்சுத்தான் நம்மாத்துக்கு வரும். சுவத்திலே எல்லாம் இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்போ மணி என்ன?"

என் இடக்கையில் கடிகாரம். "ஒம்பது அடிச்சு நாலு நிமிஷம்."

"பதினோரு நிமிஷந்தானே. பயப்படண்டாம்."

பதினோரு நிமிடம். தெரு மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டு, வலக்கையில் அவள் விரல்களையும் இடக்கையில் கடிகார முள்ளையும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் மேசைப்பலகைக்கு நாலு விரல் கீழே வந்தது. மூன்று விரல் கீழே வந்தது. பதினோரு வருடம் நான் எழுதிய மணிகள் எல்லாம் எனக்கு வெறும் எண்கள். இந்தப் பெண் அதில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவள் விரல் கொஞ்சம் துள்ளியது. நடுவில் ஒரு தடவை, "அப்பா, கையை இறுக்கறேள். வலிக்கறது" என்றாள்.

ஒன்பதேகாலுக்கு நின்றதா என்று சத்தியம் செய்து சொல்லமாட்டேன். ஒரு கட்டத்தில் மூன்று விரல் மூன்று விரலாகவே இருந்தது. அதற்கு அப்புறம் சிறிது நேரத்தில் கதவை நிலையோடு பெயர்த்து எடுத்துவிட்டார்கள். தண்ணீரில் இறங்கிப்போய் அவளை முதலில் தொட்டது என் மனைவி. "வாடி, வா," என்று கைகளை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்மா," என்று சொல்லிவிட்டு, என் மகள் என் கையை விட்டாள். பாவாடை இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். மேசையில் குந்தி, சுவரில் தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் மணியும் எழுதினாள். பிறகுதான் இறங்கினாள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். அவ்வளவுதான் இருந்தது. முழங்காலுக்கு மேல். ஒருவரும் அதில் முழுகமாட்டார்கள் என்று எல்லோரும் பிறகு எனக்குச் சொன்னார்கள். எனக்கும் தெரியும். ஆனால் தரை வெடித்தபோது அவள் நாற்காலியில் இருந்தாள். பிளந்த துண்டு இரண்டடி அவள் பக்கமாக எழும்பியிருந்தால், இழுப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் என்று தினமும் ஒரு தடவையாவது கணக்குப் போடுகிறேன்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது என் மனைவி சொன்னாள். "ஊருக்கெல்லாம் ஏத்தம் எறக்கம் எழுதி வெக்கறேள். நம்மாத்துக்கு ஒரு வரி எழுதப்டாதா?"

சாப்பிட்டு எழுந்ததும் தங்கைக்குக் கடிதம் எழுதினேன். உடனே அனுப்புகிறேன், இந்த வீடு குழந்தைக்கு ஆகாது என்று. தபாலில் போடுகிறேன் என்று மனைவி வாங்கிக்கொண்டாள்.

கொத்தனார் மறுநாளே வந்தார். "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்வார் என எதிர்பார்த்து நின்றேன். பிளந்த தரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். சிமெண்டைப் பெயர்த்து எறிந்து, குழியைப் பழையபடி தோண்டினார். போகும்போது, புதுக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கத் தச்சரிடம் சொல்லவேண்டும் என்றார். மகள் நான்கு மீன்களையும் குழியில் விட்டாள். அதற்கு மறுநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"விருந்துக்காரன் வந்நோ, அம்யாரே?"

"வந்தாச்சு சேச்சி. முப்பது பாளை. கோவமா இருக்கான்."

"இருக்கும், இருக்கும். சாமி வாசலடைச்சதல்லே."

ஈரத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்கலாம். என் மனைவி ஒரு வேலை செய்தாள். நிலவறைக்கு மேலிருந்த அறையிலிருந்து மகளின் கட்டிலை எங்கள் அறைக்கு மாற்றினாள். எங்கள் கட்டில் இந்த அறைக்கு வந்தது. நிலவறை ஜன்னலைச் சாத்துவதே இல்லை. பாளை காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. இரண்டு மாதத்தில் பூனைக்குட்டிச் சத்தம் அடங்கியது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கும். கட்டிலை மாற்றலாம் என்று இழுப்பு வந்த நாள் முதல் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

தங்கையிடமிருந்து பதில் வராததால் ஒரு நாள் கேட்டேன். கடிதம் அரிசி டின்னுக்குள் இருந்தது. "ஜலம் எறங்கினப்பறம் போடலாம்னு வெச்சேன்," என்றாள் மனைவி. "எறங்கிடுத்து. இன்னும் போடணுமா?"

மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "பாலக்காட்டுலே ஜலம் மேலேந்துதானே வரும்? அதுக்கு நான் எங்கே கோடு போடறது?"

கடிதத்தை மறுபடி டின்னிலேயே போட்டேன். இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அவள் அந்தப் பங்குனியில் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது எறணாகுளத்தில் கல்லூரி. தினமும் படகில் போய்ப் படகில் வருகிறாள். நான் படகு கரையை விட்டு நகரும் வரை துறையில் நின்றுவிட்டுத்தான் அலுவலகம் போகிறேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சிநேகிதிகள் சிரிக்கிறார்களாம். "தூரத்திலே நில்லுங்கோ," என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பது, "நாளைக்கு எத்தனை?" நான் பலகையில் எழுதிவிட்டு வந்த மணியைச் சொல்வேன். அவள் இரண்டைக் கூட்டிக் கதவின் பின்னால் எழுதுவாள்.

போன கார்த்திகையில், வருடத்தின் பெரிய ஏற்றம் என்று அட்டவணை சொன்ன நாளில், நான் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ன என்று மேலாளர் கேட்டார். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றேன். மகளைப் படகேற்றிவிட்டு, படியில் பாளையோடு உட்கார்ந்தேன். புதுக் கதவை மூன்று முறை திறந்து திறந்து பார்த்தேன். குழி நிரம்பி, வழிந்து, தரையில் அமைதியாகப் பரவியது. மானத்துக்கண்ணிகள் வெளியே வந்து அறை முழுவதும் சுற்றின. பத்து மணி சுமாருக்கு, அட்டவணைக்கு இரண்டு மணி கழித்து, தண்ணீர் நின்றது. எழுந்துபோய் சாக்பீஸை எடுத்து, நானே முதல் முறையாக ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் தமிழில் மணி எழுதினேன். அதற்கு முந்தின வருடத்துக் கோடு வெகு மேலே, என் தொடை உயரத்தில் இருந்தது. அதை அதிக நேரம் பார்க்கமுடியவில்லை.

சாயங்காலம் மகள் வந்து, புத்தகங்களைக்கூட வைக்காமல் கீழே இறங்கினாள்.

"அப்பா," என்றாள் கீழேயிருந்து. "கோடு வளைஞ்சிருக்கு."

"ஜலம் ஆடித்து."

"ஜலம் ஆடாது. நம்மாத்து ஜலம் ஆடவே ஆடாது."

படியில் இறங்கிப்போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கோடு நடுவில் இரண்டு இடத்தில் துள்ளியிருந்தது. அழித்துவிட்டு நேராகப் போடு என்றேன். அவள் அழிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து, நான் எழுதிய மணிக்குப் பக்கத்தில், தமிழில், ஒவ்வொரு எழுத்தாக யோசித்து யோசித்து, "அப்பா போட்டது" என்று எழுதினாள். 'ட்' டுக்குப் புள்ளி வைக்க மறந்து, மறுபடி குனிந்து வைத்தாள்.